லாக் விதி எல்லாம் மனப்பாடம், கணக்கு மட்டும் வரவில்லை

செம்பூர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் மகாராஷ்டிரா போர்டில் பதினொன்றாம் வகுப்பு சயின்ஸ் படிக்கிறாள். பத்தாவது வரை லாகரிதம் என்ற பேச்சே கிடையாது. இப்போது கணக்கில் ஒரு பக்கம், கெமிஸ்ட்ரியில் ஒரு பக்கம், பிசிக்ஸில் ஒரு பக்கம் என்று மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறது.

விதிகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். பெருக்கல் வந்தால் கூட்டு, வகுத்தல் வந்தால் கழி, அடுக்கு வந்தால் முன்னால் கொண்டுவா. ஆனால் கணக்கில் உட்கார வைத்தால் எந்த விதியை எங்கே போடுவது என்று தெரியாமல் முழிக்கிறாள். ஒரு கணக்கில் லாக் (க + 5) என்று இருந்ததை லாக் க + லாக் 5 என்று பிரித்துவிட்டாள். அப்படி ஒரு விதி கிடையாதே என்றேன். "நானே எண் போட்டுப் பார்த்துட்டேன்மா, சரியாத்தான் வருது" என்று கால்குலேட்டரை நீட்டினாள். 2-ஐயும் 2-ஐயும் போட்டிருக்கிறாள். லாக் (2 + 2), அதாவது லாக் 4, 0.602 வருகிறது. லாக் 2 + லாக் 2-ம் 0.602தான். நான் படித்தது பி.காம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?

*

முலுண்ட் அப்பா எழுதியது:

அதே கதைதான் இங்கேயும். பையன் ஐசிஎஸ்இ, ஒன்பதாம் வகுப்பிலேயே லாக் பாடம் வந்துவிட்டது. பதில்களுக்காக நானும் காத்திருக்கிறேன்.

*

மாட்டுங்கா கணக்கு எழுதியது:

அம்மா, உங்கள் மகள் எண் போட்டுச் சரிபார்த்தாள் பாருங்கள், அது மிக நல்ல பழக்கம். தயவுசெய்து அதைக் கடிந்துகொள்ளாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பெடுத்தவன் நான். சந்தேகம் வந்தால் எண் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நான்கைந்து பேர்தான் தேறுவார்கள்.

அவள் எடுத்த எண்கள்தான் காலை வாரிவிட்டன. 2 + 2-ம் 4, 2 × 2-ம் 4. ஆக அவள் சரிபார்த்தது கூட்டலை இல்லை, பெருக்கல் விதியை. 2, 3 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லாக் 5 = 0.6990. லாக் 2 + லாக் 3 = 0.3010 + 0.4771 = 0.7781. அது லாக் 6.

இதை இத்தோடு விடாமல் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரே விடை வரும் எண் ஜோடி வேறு என்னென்ன? 3-ம் 1.5-ம் அப்படித்தான், இரண்டு வழியிலும் 4.5 வரும். 1, 2, 3 மூன்றையும் சேர்த்து எடுத்தால் இரண்டு வழியிலும் 6. அதனால் லாக் (1 + 2 + 3) = லாக் 1 + லாக் 2 + லாக் 3 என்பதும் உண்மைதான். இந்த மாதிரி எண்களை அவளே தேடிப் பிடித்தால் லாக் (ம + ன)-ஐ இனி ஒருநாளும் பிரிக்க மாட்டாள்.

மூலப் பிரச்சினை வேறு. "கூட்டு, கழி, முன்னால் கொண்டுவா" என்று மூன்று கட்டளைகளாக அவள் படித்திருக்கிறாள். எதைக் கூட்டுகிறோம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. லாக் என்றால் அடுக்கு, அவ்வளவுதான். லாக் 1000 என்று பார்த்ததும் மனதில் ஓட வேண்டிய கேள்வி: 10-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 1000 வரும்? 3. முடிந்தது. லாக் 0.01? மைனஸ் 2. லாக் 1? பூஜ்யம். இந்தக் கேள்வி தானாக எழாதவரை விதிப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம் என்பேன்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு வரிசை எழுதச் சொல்லுங்கள்.

அடுக்கு: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10
எண்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024

மேல் வரிசைதான் கீழ் வரிசையின் லாக், அடிமானம் (அடுக்குக்கு உயர்த்தும் எண்) 2. இப்போது 8 × 32 எவ்வளவு? பெருக்க வேண்டாம். 8-க்கு மேலே 3, 32-க்கு மேலே 5. கூட்டினால் 8. 8-க்குக் கீழே பாருங்கள், 256. 1024 ÷ 64? 10-இல் 6 போனால் 4, கீழே 16. 8-இன் வர்க்கம்? 3-ஐ இரட்டித்தால் 6, கீழே 64. 256-இன் வர்க்கமூலம்? 8-இல் பாதி 4, கீழே 16. மூன்று விதியும் இந்த இரண்டு வரிசைக்குள் அடங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் படித்த அடுக்குக்குறி விதிகளேதான் இவை, மேல் வரிசையில் நின்று படிக்கிறோம், அவ்வளவு வித்தியாசம்தான்.

இதே தாளில் 4 + 32 கேட்டுப் பாருங்கள். மேலே 2-ம் 5-ம் இருக்கிறது. 36-இன் அடுக்கு ஏறக்குறைய 5.17. 2-ஐயும் 5-ஐயும் கூட்டிப் பெருக்கி அந்த 5.17-க்குப் போக வழியே இல்லை. கூட்டலுக்கு ஏன் விதி இல்லை என்று அவளுக்கே கண்ணெதிரே தெரிந்துவிடும்.

*

டோம்பிவிலி ஃபாஸ்ட் எழுதியது:

சார், இரண்டு வரிசை விளக்கம் பிரமாதம். லோக்கலில் நின்றுகொண்டே படித்தேன், ஒரே வாசிப்பில் புரிந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கையில் போன் இருக்கும் காலத்தில் பிள்ளைகளை இன்னும் லாக் டேபிள் புத்தகத்தோடு ஏன் மல்லுக்கட்ட வைக்க வேண்டும்? லாக் என்ற கருத்து வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நான்கு இலக்க அட்டவணையில் வரிசை தேடி, பக்கத்தில் இருக்கும் குட்டி எண்ணைக் கூட்டி, திரும்ப ஆன்டிலாக் (லாக்கில் இருந்து பழைய எண்ணுக்குப் போவது) தேடி... அதில் போகும் நேரத்தில் நல்ல கணக்கு நான்கு போடலாம். டேபிள் படலத்தாலேயே லாக் என்றால் பயம் என்று ஆகிவிட்டது என்பது என் எண்ணம்.

*

தாராவி ட்யூஷன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம், ஆனால் ஹெச்எஸ்சி (பன்னிரண்டாம் வகுப்பு) பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பரீட்சையில் கால்குலேட்டர் கூடாது, லாக் டேபிள் பயன்படுத்தலாம் என்பதுதான் இங்கே நடைமுறை. என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் 90 அடி ரோட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் இருந்து வருபவர்கள். கான்செப்ட் தெரிந்தும் டேபிளில் தடுமாறி விடையைக் கோட்டைவிடுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதனால் டேபிளையும் நேராகவே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அக்கா, உங்கள் மகள் அடுத்து மாட்டப்போகும் இடம் 'பார்', அதாவது எண்ணின் தலையில் போடும் கோடு. இப்போதே சொல்லி வைக்கிறேன்.

0.0347-க்கு லாக் வேண்டும். டேபிளில் புள்ளியை மறந்துவிட்டு 34-ஆம் வரிசை, 7-ஆம் கட்டம் பார்த்தால் 5403. இது 3.47-க்கு உரிய தசமப் பகுதி, 0.5403. ஆனால் 0.0347 என்பது 3.47-ஐ 100-ஆல் வகுத்தது. வகுத்தல் விதிப்படி லாக் 0.0347 = 0.5403 − 2. இதைத்தான் 2̄.5403 என்று 2-இன் தலையில் கோடு போட்டு எழுதுகிறோம். கோடு 2-க்கு மட்டும்தான் மைனஸ். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பிளஸ். பிள்ளைகள் இதை −2.5403 என்று படித்துவிடுகிறார்கள். உண்மையான மதிப்பு −1.4597.

முன் பகுதியை மட்டும் மைனஸாக வைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. 347, 34.7, 3.47, 0.347, 0.0347 எல்லாவற்றுக்கும் ஒரே 5403 போதும், டேபிளில் ஒரே ஒரு கட்டம். முன்னால் உள்ள முழு எண் மட்டும் 2, 1, 0, 1̄, 2̄ என்று மாறும்.

ஒரு கணக்கு: 0.0347 × 28.6. லாக் 28.6 = 1.4564. கூட்டலாம்: 0.5403 + 0.4564 = 0.9967, முன்னால் −2 + 1 = −1. ஆக 1̄.9967. ஆன்டிலாக் 0.9924. பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜமான பொறி வகுத்தலில் இருக்கிறது. 0.0347-இன் கனமூலம் கேட்டால் 2̄.5403-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். −2 மூன்றால் சரியாக வகுபடாது. அதனால் −2 + 0.5403 என்பதை −3 + 1.5403 என்று மாற்றி எழுதுங்கள். இப்போது 3-ஆல் வகுத்தால் −1 + 0.5134, அதாவது 1̄.5134. ஆன்டிலாக் 0.326. ஒன்றைக் கடன் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும் இந்தப் படியை வகுப்பில் ஒரு தடவை வேகமாகப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். என்னிடம் வந்ததும் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

*

டோம்பிவிலி ஃபாஸ்ட் எழுதியது:

பரீட்சை விஷயம் சரி தம்பி, அதில் வாதமே இல்லை. நான் கேட்டது பரீட்சையை அப்படி வைக்கலாமா என்பதை.

*

மாட்டுங்கா கணக்கு எழுதியது:

டேபிளை எடுத்துவிடலாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. டேபிள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் விதிகள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன என்று புரியும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் தன் அட்டவணையை 1614-இல் வெளியிட்டார். அன்றைக்கு வானியல், கடல்வழிக் கணக்கு எல்லாம் ஏழெட்டு இலக்க எண்களைப் பெருக்கி வகுக்கும் வேலை. பெருக்கலைக் கூட்டலாக்கித் தரும் ஒரு அட்டவணை அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று பாருங்கள். லண்டனில் இருந்த ஹென்றி பிரிக்ஸ் அதைப் படித்துவிட்டு 1615-இல் எடின்பரோவுக்கே போய் நேப்பியரைச் சந்தித்தார். 10-ஐ அடிப்படையாகவும் 1-இன் லாக்கைப் பூஜ்யமாகவும் வைத்துக்கொள்வது என்ற முடிவு அந்தப் பேச்சில் இருந்து வந்தது. பிரிக்ஸ் 1624-இல் 14 தசம இடங்களுக்குக் கணக்கிட்டு 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் வெளியிட்டார். நடுவில் விட்ட இடைவெளியை 1628-இல் அட்ரியான் விளாக் நிரப்பினார். எல்லாம் கையால் போட்ட கணக்கு.

டேபிள் மனப்பாடம் வேண்டாம் என்றால் சரி. ஆனால் டேபிளை ஒரு பிள்ளை தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு மாலை போதும்.

2-ஐப் பத்து தடவை பெருக்கினால் 1024, கிட்டத்தட்ட 1000. அப்படியென்றால் 10 × லாக் 2 ஏறக்குறைய 3. லாக் 2 ஏறக்குறைய 0.3. டேபிள் சொல்வது 0.3010.

அடுத்து 3. நான்கு 3-ஐப் பெருக்கினால் 81, பக்கத்தில் 80. 80 என்பது 8 × 10. ஆக 4 × லாக் 3 ஏறக்குறைய 3 × லாக் 2 + 1, அதாவது 1.903. நான்கால் வகுத்தால் 0.4758. டேபிள் 0.4771.

5-க்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், 10 ÷ 2. 1 − 0.3010 = 0.6990. 4, 6, 8, 9 எல்லாம் 2-ம் 3-ம் சேர்ந்து தந்துவிடும். மிச்சம் 7. நான்கு 7-ஐப் பெருக்கினால் 2401. பக்கத்தில் 2400, அது 8 × 3 × 100. லாக் 0.9030 + 0.4771 + 2 = 3.3801. நான்கால் வகுத்தால் 0.8450. டேபிளில் 0.8451!

1 முதல் 10 வரை முடிந்தது. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, அடுக்கு விதி மூன்றும் கையில் வந்து உட்கார்ந்திருக்கும், ஒன்றைக்கூட ஒப்பிக்காமல். எனக்கு வகுப்பிலேயே மிகப் பிடித்த நாள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளை விட்டுப் போட வைக்கும் நாள்தான்.

*

பெலாப்பூர் நூலகம் எழுதியது:

இடையில் ஒரு செய்தி. எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்று எண்ணும் வழக்கம் நம் நாட்டிலேயே சமணக் கணிதத்தில் இருந்திருக்கிறது. வீரசேனர் 816 வாக்கில் முடித்த 'தவளா' உரையில் அதற்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயர். 32-ஐ ஐந்து தடவை பாதியாக்கலாம், ஆகவே 32-இன் அர்த்தச்சேதம் 5. சார் எழுதிய மேல் வரிசையேதான். மூன்றால் வகுப்பதற்கும் நான்கால் வகுப்பதற்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெருக்கினால் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் அதில் இருக்கிறது. நேப்பியர் செய்தது போன்ற அட்டவணை அங்கே இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

சயான் சவுண்ட் எழுதியது:

கூட்டலுக்கு விதி இல்லை என்பதை நான் தொழிலில் தினமும் பார்க்கிறேன். கணபதி சீசனில் மண்டல்களுக்கு ஸ்பீக்கர் போடுகிறவன். ஆட்கள் வந்து, "ஒரு பெட்டி 90 டெசிபல்னா ரெண்டு பெட்டி 180 ஆயிடுமா?" என்று கவலையோடு கேட்பார்கள். ஆகாது. 93தான் ஆகும்.

ஏனென்றால் காதுக்கு வந்து சேர்வது ஒலியின் ஆற்றல், கூடுவதும் அதுதான். டெசிபல் என்பது அந்த ஆற்றல் விகிதத்தின் லாக்கைப் பத்தால் பெருக்கியது. ஒரே மாதிரி இரண்டு பெட்டி வைத்தால் ஆற்றல் 2 மடங்கு. லாக் 2 = 0.3010, பத்தால் பெருக்கினால் 3. அதனால் 90 + 3. பத்துப் பெட்டி வைத்தால் லாக் 10 = 1, பத்தால் பெருக்கினால் 10, மொத்தம் 100 டெசிபல். நூறு பெட்டி என்றால் 110.

90 டெசிபல் பெட்டி ஒன்றையும் 100 டெசிபல் பெட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? பெரியது சின்னதைப் போலப் பத்து மடங்கு. இரண்டும் சேர்ந்தால் சின்னதைப் போல 11 மடங்கு. லாக் 11 = 1.0414. ஆக 90 + 10.4 = 100.4. சின்னப் பெட்டியை அணைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. வாசலில் 85 காட்டுகிறது, 55-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 30 டெசிபல் இறக்க வேண்டும். 30-ஐப் பத்தால் வகுத்தால் 3, அதாவது ஆற்றலை 1000-இல் ஒரு பங்காக்க வேண்டும். "பாதி பெட்டியை எடுத்துடறோம் சார்" என்று சொன்னால் 3 டெசிபல்தான் இறங்கும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள்.

*

செம்பூர் அம்மா எழுதியது:

அண்ணா, இதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டினேன். 90-ம் 90-ம் 93 என்றதும் பேனாவை எடுத்துத் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று பெட்டி என்றால் 94.8 என்கிறாள். சரியா?

*

சயான் சவுண்ட் எழுதியது:

ரொம்பச் சரி. லாக் 3 = 0.4771. பத்தால் பெருக்கினால் 4.8. பாப்பாவுக்கு என் வாழ்த்து.

*

முலுண்ட் அப்பா எழுதியது:

என் பையன் மாட்டிக்கொண்ட கணக்கு இது: லாக் க + லாக் (க − 3) = 1. பெருக்கல் விதிப்படி க(க − 3) = 10 என்று எடுத்து, க = 5 அல்லது −2 என்று இரண்டு விடையும் எழுதினான். ஆசிரியர் −2-ஐ அடித்துவிட்டார், காரணம் எழுதவில்லை. பையன் கேட்கிறான், "−2 போட்டாலும் (−2) × (−5) = 10 வருதே, லாக் 10 ஒண்ணுதானே, ஏன் தப்பு?"

*

மாட்டுங்கா கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவன் −2-ஐப் போட்டுப் பார்த்தது இரண்டாவது வரியில். போட வேண்டியது முதல் வரியில். அங்கே லாக் (−2) என்று வருகிறது. 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மைனஸ் எண் வராது, ஆகவே லாக் (−2) என்று ஒன்று இல்லை. இல்லாத இரண்டை எப்படிக் கூட்டுவது?

பெருக்கல் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு எண்ணும் தனித்தனியே பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சேர்த்து எழுதும்போது அந்த நிபந்தனை மறைந்துபோகிறது, இரண்டு மைனஸ் பெருக்கி பிளஸ் ஆகி உள்ளே நுழைந்துவிடுகிறது. அடுக்கு விதியிலும் இதே ஆபத்து. லாக் க² = 2 லாக் க என்பது க பிளஸாக இருந்தால்தான். க = −3 என்றால் இடப்பக்கம் லாக் 9 இருக்கிறது, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. கணக்கைத் தொடங்கும் முன்பே ஓரத்தில் "க > 3" என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் 5 தேறும், −2 தானாக விழும், மார்க்கும் போகாது.

*

தாராவி ட்யூஷன் எழுதியது:

சார் சொன்னதோடு இன்னொன்று. என் பிள்ளைகளுக்கு நான் போடும் புதிர் இது. 3 > 2, சரிதானே? இரண்டு பக்கமும் லாக் ½-ஆல் பெருக்கு. 3 லாக் ½ > 2 லாக் ½. அடுக்கு விதி: லாக் ⅛ > லாக் ¼. ஆக ⅛ > ¼. எங்கே தப்பு?

இரண்டு நிமிடம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். லாக் ½ = −0.3010. மைனஸ் எண்ணால் பெருக்கினால் > என்பது < ஆகித் திரும்ப வேண்டும். ஒன்றைவிடச் சின்ன எண்ணின் லாக் எப்போதும் மைனஸ், அது எழுத்துக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஜேஇஇ எழுதும் பிள்ளைகள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

*

டோம்பிவிலி ஃபாஸ்ட் எழுதியது:

என் பங்குக்கு வங்கிக் கணக்கு ஒன்று. 7 சதவீதக் கூட்டு வட்டியில் எஃப்டி போட்டால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம்? 1.07-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 2 என்பதுதான் கேள்வி, சார் சொன்ன அதே கேள்வி. இரண்டு பக்கமும் லாக் எடுத்தால், வருடம் × லாக் 1.07 = லாக் 2. வருடம் = 0.3010 ÷ 0.0294, அதாவது பத்தேகால் வருடத்துக்குக் கொஞ்சம் முன்பின். 72-ஐ வட்டி விகிதத்தால் வகு என்று எங்கள் கிளையில் வாய்க்கணக்காகச் சொல்வோம், அதிலும் 10.3 வருகிறது. மூன்று மடங்காக வேண்டுமா? லாக் 3-ஐப் போடுங்கள்: 0.4771 ÷ 0.0294, பதினாறு வருடத்துக்குச் சற்றே மேல்.

பிபிஎஃப் 7.1 சதவீதம் அப்படியே நீடித்தால் இன்று போடும் ஒரு லட்சம் 15 வருடத்தில் என்னவாகும்? லாக் 1.071 = 0.0298. 15-ஆல் பெருக்கினால் 0.447. ஆன்டிலாக் 2.8. ஆக 2 லட்சத்து 80 ஆயிரம்.

இங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: லாக் 2 ÷ லாக் 1.07 என்பதை லாக் 2 − லாக் 1.07 என்று ஆக்கிவிடக் கூடாது. கழித்தால் 0.27 வருடம், மூன்றே மாதத்தில் பணம் இரட்டிப்பு! அப்படி வட்டி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

*

மாட்டுங்கா கணக்கு எழுதியது:

கடைசியில் சொன்னது மிக முக்கியம். லாக்கை லாக்கால் வகுப்பது வேறு, உள்ளே இருக்கும் எண்ணை எண்ணால் வகுப்பது வேறு. வரிசைத் தாளிலேயே பார்த்துவிடலாம். லாக் 8 ÷ லாக் 2, அடிமானம் 2: 3 ÷ 1 = 3. லாக் (8 ÷ 2) என்றால் லாக் 4, 2. முதலாவதுதான் அடிமான மாற்ற விதி. 8-க்குள் 2 எத்தனை அடுக்கு என்று கேட்கிறது, எந்த அடிமானத்தில் லாக் எடுத்தாலும் அதே 3 வரும். பத்தடிமானத்தில் 0.9031 ÷ 0.3010 போட்டுப் பாருங்கள்.

*

செம்பூர் அம்மா எழுதியது:

அவளே தட்டச்சு செய்கிறேன் என்கிறாள், என் கணக்கில் இருந்தே.

அங்கிள், ஆன்ட்டி, அண்ணா எல்லாருக்கும் தேங்க்ஸ். ரெண்டு வரிசை எழுதினேன், லாக் 7 வரைக்கும் நானே கட்டினேன். எனக்கு லாக் 7 0.8447 வந்தது, ஏன்னா லாக் 3-க்கு நான் கட்டின 0.4758-ஐயே போட்டேன். ஒரு கெமிஸ்ட்ரி கணக்கு கேக்கணும். அண்ணனோட ட்வெல்த் புக்ல இருக்கு. ஃபர்ஸ்ட் ஆர்டர் வினையில (மிச்ச அளவு குறையக் குறைய வேகமும் அதே விகிதத்துல குறையும் வினை) 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம், பாதி முடிய ஆகும் நேரத்தைப் போலப் பத்து மடங்குன்னு நிரூபிக்கணும். ஃபார்முலா இருக்கு: வேக மாறிலி = (2.303 ÷ நேரம்) × லாக் (ஆரம்ப அளவு ÷ மிச்ச அளவு). இதுல எந்த விதியைப் போடணும்னு தெரியல.

*

தாராவி ட்யூஷன் எழுதியது:

விதியைத் தேடாதே பாப்பா. முதலில் லாக்குக்குள் என்ன வரும் என்று மட்டும் எழுது. பாதி முடிந்தால் மிச்சம் பாதி, ஆரம்பம் ÷ மிச்சம் எவ்வளவு? 99.9 முடிந்தால் மிச்சம் 0.1, அப்போது எவ்வளவு?

*

செம்பூர் அம்மா எழுதியது:

பாதிக்கு 2. இன்னொண்ணுக்கு 100 ÷ 0.1 = 1000. லாக் 2 = 0.3010, லாக் 1000 = 3. வேக மாறிலி ரெண்டுக்கும் ஒண்ணுதான், 2.303-ம் ஒண்ணுதான். நேரத்தை நேரத்தால வகுத்தா அது ரெண்டும் அடிபட்டுடும். 3 ÷ 0.3010 = 9.97.

லாக்கை லாக்கால வகுத்திருக்கேன், கழிக்கல. அப்போ 75 சதவீதம் முடியன்னா உள்ள 4 வரும், லாக் 4 = 2 லாக் 2, அதனால ரெண்டு மடங்கு நேரம். இது டேபிளே இல்லாம வந்துடுச்சு. ஆனா 9.97 ஏன் சரியா 10 வரல?

*

மாட்டுங்கா கணக்கு எழுதியது:

அருமை கண்ணு. ஒவ்வொரு அரை ஆயுள் நேரத்திலும் மிச்சம் பாதியாகிறது. பத்து தடவை பாதியானால் மிச்சம் 1024-இல் ஒரு பங்கு. கணக்கில் கேட்டது 1000-இல் ஒரு பங்கு. 1000 கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறது, அந்த வித்தியாசம்தான் 0.03. விடைத்தாளில் 9.97 என்று எழுதி, "ஏறக்குறைய 10 மடங்கு" என்று போடு, முழு மார்க் உண்டு. அடுத்து 90 சதவீதம் முடிய எத்தனை மடங்கு என்று டேபிள் இல்லாமல் போட்டுப் பார்.

*

செம்பூர் அம்மா எழுதியது:

உள்ள 10. லாக் 10 = 1. 1 ÷ 0.3010 = 3.32. 99.9-க்கு வந்ததுல மூணுல ஒரு பங்கு, 1000-ங்கறது 10-இன் மூணாம் அடுக்குங்கறதால.